பத்தமடையில் இருந்து கொழும்பு 300 கி.மீ., சிங்கப்பூர் 3,000 கி.மீ.: பயண நேரம் மட்டும் ஏன் பத்து மடங்கு ஆவதில்லை?

தென் தமிழகத்தின் வரைபடத்தை எடுத்து, திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையின் மீது ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஒரு கோடு, இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இன்னொரு கோடு. எது நீளமாக இருக்கும்?

சென்னைக் கோடுதான். நேர்கோட்டில் சென்னை விமான நிலையம் சுமார் 555 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையமோ சுமார் 300 கி.மீ.தான். கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற இந்தத் தாமிரபரணிக் கரை ஊருக்கு, மாநிலத் தலைநகரைவிட அண்டை நாட்டின் தலைநகர் பக்கம்.

ஆனால், காலையில் வீட்டுக் கதவைப் பூட்டிக் கிளம்பும் ஒருவர் கொழும்பில் இறங்கி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். அதே நபர் சிங்கப்பூருக்குக் கிளம்பினால், பத்து மடங்கு தூரத்துக்குக் கூடுதலாக ஆவது சுமார் 3 மணி நேரம் மட்டுமே. இது எப்படி? இரண்டு ஊர்களுக்கு இடையிலான 'விமான தூரம்', 'விமான நேரம்' என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன? எதைச் சொல்லாமல் விடுகின்றன?

இணையம் காட்டுவது எந்தத் தூரம்?

பூமி உருண்டை. அதன் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை ஒரு பெரிய வட்டத்தின் பகுதியாக இருக்கும். அந்த வளைகோட்டின் நீளத்தைத்தான் 'வான்வழித் தூரம்' என்று காட்டுகிறார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். இந்தப் பாதையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ.

இப்படிப் பார்த்தால் மதுரை விமான நிலையத்தில் இருந்து கட்டுநாயக்க சுமார் 355 கி.மீ. மதுரையில் இருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் சுமார் 3,015 கி.மீ. எட்டரை மடங்கு அதிகம்.

விமானம் அப்படியே இந்தக் கோட்டில் பறப்பதில்லை. ஓடுபாதை எந்தத் திசையை நோக்கி இருக்கிறதோ அந்தத் திசையில்தான் மேலே ஏற வேண்டும். பிறகு வகுக்கப்பட்ட வான்பாதைக்குத் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் மற்ற விமானங்களோடு வரிசையில் வர வேண்டும். அதனால் பறக்கும் தூரம் கணக்கில் காட்டும் தூரத்தைவிட எப்போதுமே கொஞ்சம் கூடும்.

355 கி.மீ.க்கு ஏன் ஒரு மணி நேரம்?

போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்கள் உச்ச உயரத்தில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். அந்த வேகத்தில் மதுரையில் இருந்து கட்டுநாயக்கவுக்கு 27 நிமிடம் போதும். ஆனால் அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் என்றுதான் போட்டிருப்பார்கள்.

காரணம், அட்டவணையில் இருப்பது 'பிளாக் டைம்'. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியில் இருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி நின்று கட்டை வைக்கும் நொடி வரைக்குமான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலே ஏறுவது, மெதுவாகக் கீழே இறங்குவது எல்லாம் அதில் அடங்கும்.

குறுகிய தூரத்தில் விமானம் முழு வேகத்தை எட்டிய சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. நீண்ட தூரத்தில் இந்த ஏற்ற இறக்கச் செலவு அவ்வளவாகத் தெரியாது. மதுரையில் இருந்து சிங்கப்பூருக்கு நான்கு அல்லது நாலேகால் மணி நேரம். தூரம் எட்டரை மடங்கு கூடினாலும், நேரம் கூடுவது நான்கு மடங்குக்குச் சற்று மேல்தான்.

காற்றுக்கும் பங்கு உண்டு. பின்னால் இருந்து தள்ளும் காற்று நேரத்தைக் குறைக்கும், எதிர்க்காற்று கூட்டும். ஒரே தடத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் பத்து, இருபது நிமிடம் வேறுபடுவது இதனால்தான்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் புறப்பாடு, வருகை நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். இது முதல்முறை பயணிப்பவர்களை மட்டுமல்ல, வழியனுப்ப வந்தவர்களையும் குழப்பும்.

உதாரணத்துக்கு, மதுரையில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் நாலேகால் மணி நேரம் பறந்தால் சிங்கப்பூரில் காலை 5.45. டிக்கெட்டைப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரப் பயணம் மாதிரி தெரியும். திரும்பும்போது சிங்கப்பூரில் மாலை 7 மணிக்குக் கிளம்பினால் மதுரையில் இரவு 8.45. இப்போது ஒன்றே முக்கால் மணி நேரம்தான் மாதிரி தெரியும். இரண்டும் ஒரே நேரம்தான். நடுவில் இருப்பது இரண்டரை மணி நேரக் கடிகார வித்தியாசம்.

இதிலும் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைப்படி அதன் நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தால் போதும். ஆனால் 1982-ல் மலேசியாவோடு சேர்ந்து 8 மணி நேரத்துக்கு மாறிவிட்டது. கொழும்புக்கு இந்தக் கவலை இல்லை. 1996-ல் கடிகாரத்தை முன்னே நகர்த்திய இலங்கை, 2006 ஏப்ரலில் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது. நெல்லையில் மணி 10 என்றால் கொழும்பிலும் 10.

வாசலில் இருந்து வாசல் வரை ஒரு கணக்கு

இனிதான் முக்கியமான விஷயம். பத்தமடையில் ஒரு வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரை வழியாகக் கொழும்பு:

- பத்தமடை – மதுரை விமான நிலையம், சாலை வழி: சுமார் 3 மணி 15 நிமிடம்
- விமானத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டிய நேரம்: 3 மணி
- விமானம்: 1 மணி
- குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது: 1 மணி
- கட்டுநாயக்கவில் இருந்து கொழும்பு நகரம்: 1 மணி

மொத்தம் ஒன்பதேகால் மணி நேரம். 300 கி.மீ.யை இந்த நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 32 கி.மீ. வழியெல்லாம் நின்று ஆள் ஏற்றும் டவுன் பஸ்ஸின் வேகம்!

இதே கணக்கைச் சிங்கப்பூருக்குப் போட்டால் சாலை 3.15, காத்திருப்பு 3, விமானம் 4.15, இறங்கிய பின் 1, நகருக்குள் செல்ல முக்கால் மணி. மொத்தம் பன்னிரண்டேகால் மணி நேரம்.

அதாவது, 300 கி.மீ.க்கு ஒன்பதேகால், 3,000 கி.மீ.க்குப் பன்னிரண்டேகால். கொழும்புப் பயணத்தில் விமானத்துக்குள் கழிவது ஒன்பதில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. மீதி எல்லாம் தரையில்தான் கரைகிறது. தேடலில் கிடைக்கும் 'விமான நேரம்' இந்த மீதியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

எந்த ஏர்போர்ட் பக்கம்?

பத்தமடையைச் சுற்றி மூன்று விமான நிலையங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒவ்வொரு கதை.

முதலாவது தூத்துக்குடி, அதாவது வாகைக்குளம். நேர்கோட்டில் 50 கி.மீ.க்கும் குறைவு. சாலையில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் இங்கிருந்து இயங்குவது சென்னை, பெங்களூரு போன்ற உள்நாட்டுச் சேவைகள்தான்.

இரண்டாவது திருவனந்தபுரம். நேர்கோட்டில் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள், வெறும் 75 கி.மீ. சொச்சம். வளைகுடா, சிங்கப்பூர், கொழும்பு என்று வெளிநாட்டு விமானங்களும் அதிகம். ஆனால் நடுவில் அகத்தியமலையும் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகமும் நிற்கின்றன. மலையைச் சுற்றிக்கொண்டு நாகர்கோவில் வழியாகப் போனால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, சுமார் 150 கி.மீ. ஆகிவிடும். நெரிசலைப் பொறுத்து மூன்றரை, நான்கு மணி நேரம்.

மூன்றாவது மதுரை. நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. நான்குவழிச் சாலை இருப்பதால் போவது எளிது. ஆனால் வெளிநாட்டுச் சேவைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே.

இதனால்தான் நெல்லைக்காரர்கள் பலர் இந்த மூன்றையும் தாண்டி, ஐந்து மணி நேரம் பயணித்துத் திருச்சிக்கோ, இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து சென்னைக்கோ போய் விமானம் ஏறுகிறார்கள். சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனம் சென்னை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களுக்குப் பறக்கிறது. அந்தப் பட்டியலில் மதுரை இல்லை.

மதுரைக்கு ஏன் வருவதில்லை?

வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்று நினைத்த ஊரில் வந்து இறங்க முடியாது. இரண்டு நாடுகளும் 'இருதரப்பு விமான சேவை ஒப்பந்தம்' போட்டிருக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்கள் என்பது அதில் இருக்கும். துபாயை எடுத்துக்கொண்டால், இரு தரப்பு நிறுவனங்களும் வாரத்துக்குத் தலா சுமார் 65,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014-ல் இருந்து தொடர்கிறது.

இந்திய நிறுவனங்களுக்கு ஊர்க் கட்டுப்பாடு இந்த அளவுக்கு இல்லை. சுங்கம், குடியேற்ற வசதி உள்ள எந்த இந்திய ஊரில் இருந்தும் அவர்கள் தங்கள் பங்கைப் பயன்படுத்தலாம். மதுரை – சிங்கப்பூர் தடத்தில் சேவை நடத்திவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓர் இந்திய நிறுவனம் என்பது தற்செயல் அல்ல. வெளிநாட்டு நிறுவனத்துக்கோ, ஒப்பந்தத்தின் ஊர்ப் பட்டியலில் மதுரை இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்பது தென்மாவட்ட எம்.பி.க்களும் வர்த்தக அமைப்புகளும் பல ஆண்டுகளாக வைக்கும் கோரிக்கை.

இங்கேயும் தூரம் வேறொரு வேஷத்தில் வருகிறது. மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை, சார்க் நாடுகளுக்கும், டெல்லியில் இருந்து 5,000 கி.மீ.க்கு அப்பால் உள்ள நாடுகளுக்கும் பரஸ்பர அடிப்படையில் 'திறந்த வானம்' என்றது. அதாவது, எண்ணிக்கை வரம்பு இல்லாத சேவை. டெல்லி – சிங்கப்பூர் சுமார் 4,150 கி.மீ. டெல்லி – துபாய் சுமார் 2,200 கி.மீ. இரண்டுமே அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன.

தென்மாவட்ட மக்கள் அதிகம் போகும் ஊர்கள் இவை. ஆனால் அளவுகோலின் முனை இருப்பது டெல்லியில். இலங்கை மட்டும் சார்க் நாடு என்ற முறையில் தப்பிவிடுகிறது. மதுரையில் இலங்கை நிறுவனத்தின் விமானம் வந்து இறங்குவதைப் பார்க்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் தூத்துக்குடி – கொழும்பு சாத்தியமா?

தூரத்தை வைத்துப் பார்த்தால் தாராளமாக. வாகைக்குளத்தில் இருந்து கட்டுநாயக்க சுமார் 265 கி.மீ. மதுரையைவிட 90 கி.மீ. குறைவு.

முன்பு ஓடுபாதை ஒரு தடையாக இருந்தது. 1,350 மீட்டர் நீளத்தில் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள் மட்டுமே இறங்க முடிந்தது. இப்போது அது 3,115 மீட்டர். சுமார் 450 கோடி ரூபாயில் கட்டப்பட்ட புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2025 ஜூலை 26-ல் திறந்துவைத்தார். ஏ321 ரக விமானமே இறங்கலாம்.

குறுகிய தூரம் என்பதால் நிறுவனங்கள் தயங்கும் என்றும் சொல்லிவிட முடியாது. திருச்சி – யாழ்ப்பாணம் வான்வழித் தூரம் 185 கி.மீ.தான். அந்தத் தடத்தில் இண்டிகோ நிறுவனம் 2025 மார்ச்சில் ஏடிஆர் விமானத்தை வைத்துச் சேவையைத் தொடங்கியது.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, சுங்கம், குடியேற்ற அதிகாரிகள் அமர்ந்து வேலை பார்க்க அரசு அறிவிக்கை வேண்டும். இன்னொன்று, இருக்கைகள் நிரம்பும் என்று ஏதாவது ஒரு நிறுவனம் நம்ப வேண்டும். இரண்டாவது எளிதல்ல. வேலைக்காகக் கொழும்பு போவோர் இன்று குறைவு, வளைகுடாவும் சிங்கப்பூரும்தான் அதிகம். அதனால் கொழும்பைச் சேரும் இடமாக மட்டும் பார்க்காமல், அங்கிருந்து வேறு நாட்டுக்கு விமானம் மாறும் இடமாகவும் பார்த்தால்தான் கணக்குச் சரிவரும்.

அப்படி ஒரு சேவை வந்தால் என்ன மிச்சம்? பத்தமடைக் கணக்கில் சாலையில் 2 மணி நேரம் குறையும். ஒன்பதேகால், ஏழேகால் ஆகும். வேன் பிடித்துக் குடும்பத்தோடு வழியனுப்ப வருபவர்களுக்கு, போக வர 4 மணி நேரமும் அதற்கான டீசல் செலவும் மிஞ்சும்.

கப்பலில் போன காலம்

இந்தக் கடலைக் கடப்பது நெல்லைச் சீமைக்குப் புதிதல்ல. வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி ஆங்கிலேயக் கம்பெனியோடு மோதியது இதே தூத்துக்குடி – கொழும்பு தடத்துக்காகத்தான். 1914-ல் பாம்பன் பாலம் வந்தபிறகு ரயிலில் தனுஷ்கோடி வரை போய், கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2011 ஜூனில் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். அது சில மாதங்களிலேயே நின்றுபோனது.

பத்தமடையில் 1887-ல் பிறந்த சுவாமி சிவானந்தர், துறவியாவதற்கு முன்பு மருத்துவராக மலாயாவில் பத்தாண்டு இருந்தவர். 1913-ல் அவர் போனது கப்பலில், நாள்கணக்கில். இன்று அதே திசையில் நான்கு மணி நேரம். ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை: அடுத்த கப்பல் எப்போது என்பதுதான் அன்றைக்கும் முதல் கேள்வி.

அடுத்த விமானம் எப்போது?

ஒரு சாதாரண சூழலை நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஊரில் இருந்து காலை 6 மணிக்குப் போன் வருகிறது. அப்பா தவறிவிட்டார். இறந்தவரைத் தாமதமில்லாமல் அடக்கம் செய்வது இஸ்லாமியக் குடும்பங்களின் வழக்கம். பாய் நெய்யும் பத்தமடைக் குடும்பங்களில் பலர் இஸ்லாமியர்கள். மற்ற குடும்பங்களிலும் எடுப்பதை அதிகபட்சம் ஒரு நாள்தான் தள்ளிவைப்பார்கள்.

அந்த நேரத்தில் 'விமான நேரம் 4 மணி' என்ற தகவலால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. மதுரைக்கு அன்று விமானம் உண்டா, இல்லையா என்பதே கேள்வி. அடுத்த விமானம் நாளைக்கு என்றால், அவருடைய பயண நேரம் 12 மணி நேரம் அல்ல, 36 மணி நேரம். அதனால்தான் பலர் மதுரையை யோசிக்காமல் நேராகத் திருச்சிக்கு டிக்கெட் போடுகிறார்கள். சாலையில் இரண்டு மணி நேரம் கூடினாலும், அங்கே ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பது இந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. விமானத்தின் வேகமும் இப்போதைக்கு மாறப்போவதில்லை. மாற்றக்கூடியவை மூன்று: பக்கத்து விமான நிலையத்தில் ஒரு குடியேற்ற கவுன்டர், ஒப்பந்தத்தின் ஊர்ப் பட்டியலில் ஒரு பெயர், வாரத்தில் இன்னும் சில விமானங்கள். மூன்றுமே மனிதர்கள் மேஜையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகள்.

டிக்கெட் போடும் முன்

- விமான நேரத்தை மட்டும் பார்க்காமல், வீட்டு வாசலில் இருந்து மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். டிக்கெட் 1,000 ரூபாய் மலிவாக இருந்து, வேன் வாடகை அதைவிடக் கூடினால் லாபம் இல்லை.
- டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இலங்கை நம் நேரமே.
- இரவு 12 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானம் என்றால் தேதியை இரண்டு முறை சரிபாருங்கள். 10-ம் தேதி 00.30 என்றால், 9-ம் தேதி மாலையே ஊரில் இருந்து கிளம்ப வேண்டும்.
- வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் சாலைப் பயணத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது.
- அந்தத் தடத்தில் தினசரிச் சேவையா, வாரத்தில் சில நாள் மட்டுமா என்று பார்த்துவையுங்கள். அவசரத்துக்கு உதவப்போவது அந்தத் தகவல்தான்.